தாழ்மையும் கவலையைத் தேவனிடம் ஒப்படைத்தலும் (1 பேதுரு 5 : 5 – 7)

அறிமுகம்

தாழ்மை, கவலை ஆகிய இரண்டையும் மாணவர்கள் பெரும்பாலும் தனித்தனிப் பாடங்களாகவே கற்கின்றனர். தாழ்மை பற்றி வினா வந்தால் இயேசு சீடரின் பாதங்களைக் கழுவிய நிகழ்ச்சியை எழுதுவர். கவலை பற்றி வினா வந்தால் மலைப் பிரசங்கத்தில் வரும் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் எழுதுவர். இவை பிழையான விடைகள் அல்ல. எனினும் பேதுருவின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தினுள் வருகின்றன. தாழ்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆசிரியர் ஏன் திடீரெனக் கவலையைப் பற்றிப் பேசுகிறார்? இந்த வினாவுக்கு விடை தெரிந்த மாணவருக்கு இப்பகுதியிலிருந்து எந்த வினா வந்தாலும் எழுதுவது கடினமாக இராது.

பாடத்தைத் தொடர முன்னர் வேதாகமத்தைத் திறந்து 1 பேதுரு 5 : 1 – 11 பகுதியை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும். குறிப்பை மட்டும் மனனஞ் செய்து வேதபகுதியை வாசியாமல் விடுவது இப்பாடத்தில் மாணவர் செய்யும் முதலாவது தவறாகும்.

நிருபத்தின் பின்னணி

இந்நிருபம் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய ஐந்து பகுதிகளிற் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது (1 : 1). இப்பகுதிகள் யாவும் இன்றைய துருக்கி நாட்டில் அடங்குகின்றன. சில்வானு என்பவர் மூலமாக எழுதப்பட்டதாக 5 : 12 கூறுகிறது. 5 : 13 இல் வரும் பாபிலோன் என்னும் பெயர் ரோமாபுரியைக் குறிக்கும் மறைபெயர் என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்தாகும்.

நிருபத்தை எழுதியவர் அப்போஸ்தலனாகிய பேதுருவே என்பது திருச்சபையின் பழைய மரபு. அவ்வாறாயின் அது கி.பி. 60களின் முற்பகுதியில் எழுதப்பட்டிருக்கலாம். கிரேக்க நடை ஒரு கலிலேய மீனவருக்கு மிக உயர்ந்ததாக இருப்பதால், பேதுருவின் வழிவந்த ஒருவர் அவருடைய பெயரில் முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியிருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் பலர் உளர். விடை எழுதும்போது இரு கருத்துகளையும் ஒவ்வொரு வாக்கியத்தில் குறிப்பிட்டாற் போதுமானது. இதிலேயே அரைப் பக்கத்தைச் செலவிட வேண்டாம்.

வாசகர் யார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவர்களுள் அடிமை வேலைக்காரர் இருந்தனர். கொடுமையான எஜமான்களின் கீழும் இருந்தனர் (2 : 18). விசுவாசியாத கணவரைக் கொண்ட பெண்கள் இருந்தனர் (3 : 1). தாம் வாழும் ஊரிலேயே அந்நியராகவும் பரதேசிகளாகவும் அவர்கள் மதிக்கப்பட்டனர் (1 : 1, 2 : 11). பழைய நண்பரோடு சேர்ந்து களியாட்டங்களுக்குப் போகாததால் தூஷிக்கப்பட்டனர் (4 : 4). கிறிஸ்துவின் பெயருக்காக நிந்திக்கப்பட்டனர் (4 : 14).

மாணவர்கள் பலர் இங்கே, "ரோமப் பேரரசு கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்கு இரையாக்கியது" என்று எழுதிவிடுகின்றனர். நிருபம் அவ்வாறு கூறவில்லை. அது பெரும்பாலும் அவதூறு, ஏளனம், சந்தேகம், வீட்டுக்குள் நடக்கும் அடி என்பவற்றையே பேசுகிறது. 5 : 8 இல் வரும் சிங்கம் பிசாசுக்கு உவமையாகும். அரச விசாரணை பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்று இதற்குப் பிந்தியது. கி.பி. 111 – 113 அளவில் பித்தினியா – பொந்துவின் ஆளுநராயிருந்த இளைய பிளினி, கிறிஸ்தவர்களை எவ்வாறு விசாரிப்பது எனக் கேட்டு டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. சபையில் ஊழியஞ் செய்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அவரே அதில் எழுதியுள்ளார். பேதுருவின் நிருபம் போய்ச் சேர்ந்த அதே பகுதி அது. அடிமைப் பெண்களும் அச்சபைகளிற் பொறுப்பு வகித்தனர் என்பதை நினைவிற் கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

"தாழ்மை" அக்காலத்தில் நல்ல சொல் அன்று

இன்று ஒருவரைத் தாழ்மையானவர் என்றால் அது புகழ்ச்சி. கிரேக்க, ரோம சமுதாயத்தில் நிலைமை வேறு. "தப்பெய்னோஸ்" என்னும் கிரேக்கச் சொல் பொதுவாகத் தாழ்ந்த குடியிற் பிறந்தவன், அடிமைப் புத்தியுள்ளவன், மதிப்பற்றவன் என்ற பொருளிலேயே வழங்கியது. மானமும் புகழுமே ஒரு ஆண்மகனின் செல்வமாகக் கருதப்பட்ட உலகம் அது. அந்தச் சொல்லை எடுத்து, எல்லாரும் ஒருவருக்கொருவர் இதனை அணிந்துகொள்ள வேண்டும் என்று 5 ஆம் வசனம் கற்பிக்கிறது.

"எல்லாரும்" என்பதைக் கோடிட்டு வையுங்கள். வசனம் இளைஞர் மூப்பருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தொடங்குவது உண்மையே. ஆனால் அதற்கு முன்னரே, 2 – 3 வசனங்களில், மூப்பர் தம் பொறுப்பிலுள்ளோரை இறுமாப்பாய் ஆளக்கூடாது, பணத்தாசையால் மேய்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை வந்துவிட்டது. ஆகவே தாழ்மை மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்டு வாங்கும் ஒன்றன்று. பெரியவர்கள் இவ்வசனத்தின் முதற்பாதியை மட்டும் இளையோருக்கு நினைவூட்டுவதை நாம் கேட்டிருப்போம். மற்றப் பாதியும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

"அணிந்துகொள்ளுதல்" என்பதற்கு மூலத்தில் வரும் வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வரவில்லை. முடிச்சு என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது அது. வேலை செய்யும்போது அடிமைகள் உடைக்கு மேல் முடிந்து கட்டிக்கொண்ட துணியை இச்சொல் நினைவூட்டுகிறது. கடைசி இராப்போசனத்தில் இயேசு துணியொன்றை எடுத்து அரையிற் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவியதையும் (யோவான் 13 : 4), தன் கால்களைக் கழுவவே கூடாது என்று பேதுரு முதலில் மறுத்ததையும் (13 : 8) வேதவிளக்கவுரையாளர் பலர் இங்கே நினைவுபடுத்துவர். பிறருடைய சேவையை ஏற்றுக்கொள்ள மறுப்பதும் ஒருவகைப் பெருமையே. தாழ்மை பற்றிய விடைகளில் இந்தக் கருத்து மிக அரிதாகவே இடம்பெறுகிறது.

5 ஆம் வசனத்தின் இறுதியிலுள்ள மேற்கோள் நீதிமொழிகள் 3 : 34 இலிருந்து எடுக்கப்பட்டது. யாக்கோபு 4 : 6 இலும் இதே மேற்கோள் உண்டு. நீதிமொழிகளைப் புரட்டிப் பார்க்கும் மாணவர், அங்கு பெருமையுள்ளவர் என்பதற்குப் பதிலாக இகழ்வோர் என்றிருப்பதைக் கண்டு குழம்பலாம். நிருப ஆசிரியர்கள் கிரேக்க மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினர். நமது பழைய ஏற்பாடு எபிரெயத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. வேறுபாட்டுக்குக் காரணம் அதுவே.

எவருடைய கையின் கீழ்?

6 ஆம் வசனம் இப்பாடத்தின் திருப்புமுனை. ஏற்கெனவே தாழ்ந்த நிலையிலிருக்கும் ஒரு அடிமைக்கு, உன்னைத் தாழ்த்திக்கொள் என்று சொல்வது எப்படி நற்செய்தியாகும்? இந்த நியாயமான கேள்வியை மாணவர் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும். கேளாமல் விட்டால் தாழ்மை என்பது அடங்கிப் போதல் என்றே முடியும்.

விடை வசனத்திலேயே உள்ளது. எஜமானின் கைக்குள் அடங்கியிருக்கும்படியோ அரசனின் கைக்குள் அடங்கியிருக்கும்படியோ இங்கே சொல்லப்படவில்லை. தேவனுடைய பலத்த கை என்று சொல்லப்படுகிறது. பழைய ஏற்பாட்டை அறிந்த எவருக்கும் இத்தொடர் யாத்திராகமத்தை நினைவுபடுத்தும். எகிப்திலே அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரைப் புறப்படப்பண்ணிய கையே அந்தப் பலத்த கை (யாத்திராகமம் 13 : 9, உபாகமம் 26 : 8). அடிமைகளை விடுவித்த கையின் கீழ்த் தாழ்ந்திரு என்பதும், உன்னை அடிக்கும் கையின் கீழ்த் தாழ்ந்திரு என்பதும் ஒன்றல்ல. இதே நிருபத்தின் 2 ஆம் அதிகாரம், கடினமான எஜமான்களுக்கும் கீழ்ப்படியுமாறு வேலைக்காரருக்குக் கூறுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்பகுதி பிற்காலத்தில் அடிமைமுறையை நியாயப்படுத்தவும் பயன்படுத்தப்பட்டது. ஆனால் தாழ்மை என்னும் கிறிஸ்தவ விழுமியத்தின் அடிப்படை என்னவென்று வினவப்பட்டால், 5 : 6 இன் வழியாகவே விடையளிக்க வேண்டும்: மனிதன் தேவனுக்கு முன்பாகத் தன் அளவை அறிந்துகொள்ளுதல்.

வினைமுற்றும் வினையெச்சமும்

இனி 7 ஆம் வசனம். நாம் பயன்படுத்தும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 6 ஆம் வசனம் ஒரு வாக்கியமாகவும் 7 ஆம் வசனம் இன்னொரு வாக்கியமாகவும் உள்ளன. எனவே தாழ்ந்திருங்கள் என்பது ஒரு கட்டளை, கவலைகளை ஒப்படையுங்கள் என்பது அடுத்த கட்டளை என எண்ணிக்கொள்கிறோம். கிரேக்க மூலத்தில் அப்படியில்லை. தாழ்ந்திருங்கள் என்பது மாத்திரமே ஏவல் வினைமுற்று. கவலைகளை அவர்மேற் போடுதல் என்பது அதற்குத் துணையாக நிற்கும் எச்ச வடிவம். தமிழ் இலக்கணத்தில் வினையெச்சம் படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். "கதவைத் திறந்து உள்ளே வாருங்கள்" என்றால் இரண்டு தனிக் கட்டளைகள் இல்லை. உள்ளே வரும் வழிதான் கதவைத் திறப்பது. அதுபோலவே, கவலைகளை அவர்மேற் போட்டு, அவ்வாறு தாழ்ந்திருங்கள் என்பதே மூலத்தின் போக்கு.

அதாவது, கவலையை ஒப்படைப்பது தாழ்மையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட இன்னொரு நற்பண்பன்று. தாழ்மை செயலில் வெளிப்படும் முறைகளில் அது ஒன்று. அறிமுகத்திற் கேட்ட வினாவுக்கு இதுவே விடை. என் குடும்பம், என் எதிர்காலம், என் பெறுபேறு ஆகிய எல்லாவற்றையும் நான் ஒருவனே தாங்கி நிறுத்துகிறேன் என்று எண்ணுகிறவன் தேவனுக்குரிய இடத்தைத் தான் எடுத்துக்கொள்கிறான். அந்தப் பாரத்தை இறக்கி வைப்பதென்பது, நான் தேவனல்ல என்று ஒத்துக்கொள்வதாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கவலைப்படுகிறவர்கள் எல்லாரும் பெருமைக்காரர் என்று இதிலிருந்து முடிவு செய்யக்கூடாது. கவலை என்பதற்கு மூலத்தில் வரும் "மெரிம்னா" என்னும் சொல்லைப் பவுல் தன்னைப் பற்றியே பயன்படுத்துகிறார்: சபைகள் எல்லாவற்றையும் குறித்த கவலை நாள்தோறும் தன்னை நெருக்குவதாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 11 : 28). தீமோத்தேயு பிலிப்பியரைக் குறித்து உண்மையாய்க் கரிசனைப்படுவான் என்று பாராட்டும்போதும் அதே வேர்ச்சொல்லே வருகிறது (பிலிப்பியர் 2 : 20). பிறர்மேல் உள்ள அன்பினால் வரும் அக்கறை பாவமன்று. அதைத் தனியே சுமந்துகொண்டு மூச்சுத் திணறுவதையே நிருபம் தவிர்க்கச் சொல்கிறது.

போடுதல் என்னும் வினையும் கவனிக்கத்தக்கது. புதிய ஏற்பாட்டில் இவ்வினை இரண்டே இடங்களில் வருகிறது. மற்றையது லூக்கா 19 : 35. சீடர் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின் மேற் போட்டு இயேசுவை அதன்மேல் ஏற்றினார்கள். தோளிற் கிடந்த துணி கழுதையின் முதுகுக்கு மாறியது. அதன் பின் அதைச் சுமப்பது கழுதையின் வேலை. கருத்து அவ்வளவு எளிமையானது.

இவ்வசனத்தின் பின்னால் சங்கீதம் 55 : 22 உள்ளது. அச்சங்கீதத்தை முழுவதும் வாசித்தால் ஒன்று புலப்படும். பாரத்தைக் கர்த்தர்மேல் வைக்கும்படி சொல்லும் வசனம் ஏறக்குறைய முடிவிலேயே வருகிறது. அதற்கு முன்னர் இருபதுக்கும் மேற்பட்ட வசனங்களில் அழுகை, நடுக்கம், புறாவைப் போலப் பறந்துபோய்விடும் ஆசை, நெருங்கிய நண்பனே துரோகம் செய்த வேதனை, கோபம் எல்லாம் வந்துவிடுகின்றன. ஒப்படைத்தல் என்றால் உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதன்று. புலம்பலும் ஒப்படைத்தலின் பகுதியே.

"உமக்குக் கவலையில்லையா?"

7 ஆம் வசனத்தின் பிற்பகுதி காரணத்தைக் கூறுகிறது. பழைய மொழிபெயர்ப்பு "விசாரிக்கிறவர்" என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறது. இன்று விசாரணை என்றால் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமுமே நமது நினைவுக்கு வருகின்றன. நம் பாட்டன், பாட்டி காலத்துத் தமிழில் ஒருவரை விசாரித்தல் என்றால் நலம் கேட்டு அவரைக் கவனித்துக்கொள்ளுதல். அந்தப் பொருளிலேயே இச்சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூலத்தில் இங்கே வரும் வினை சுவிசேஷங்களில் இரண்டு முக்கிய இடங்களில் ஒரு குற்றச்சாட்டாக வருகிறது. ஒன்று, கடலில் புயல் எழும்பியபோது சீடர் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, தாங்கள் மடிந்துபோவது அவருக்குப் பொருட்டில்லையா எனக் கேட்டது (மாற்கு 4 : 38). மற்றையது, மார்த்தாள் தன் சகோதரி தன்னைத் தனியே வேலை செய்ய விட்டிருப்பது அவருக்குப் பொருட்டில்லையா எனக் கேட்டது (லூக்கா 10 : 40). அடுத்த வசனத்திலேயே இயேசு, மார்த்தாள் பல காரியங்களைக் குறித்துக் கவலைப்படுவதாகச் சொல்கிறார். கவலையின் அடியில் எப்போதும் இக்கேள்வி மறைந்திருக்கிறது: நான் படும் பாடு அவருக்குத் தெரிகிறதா? அவருக்கு அக்கறை உண்டா?

அந்தப் படகில் பேதுருவும் இருந்தார். மாற்கு சுவிசேஷம் பேதுருவின் போதனையை அடிப்படையாகக் கொண்டது என்பது இரண்டாம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. இந்நிருபத்தின் 5 : 13 உம் மாற்குவைக் குறிப்பிடுகிறது. படகிற் கேள்வியாக எழுந்த அதே சொல் பேதுருவின் பெயரால் வந்த நிருபத்தில் உறுதிமொழியாக மாறியிருக்கிறது. நீண்ட விடை எழுதும் மாணவர் இந்தத் தொடர்பைக் காட்டினால் விடை நிச்சயமாகத் தனித்து நிற்கும்.

பேதுருவின் இரண்டு உறக்கங்கள்

பேதுருவின் வாழ்க்கையே இப்பாடத்துக்குச் சிறந்த உதாரணம். எல்லாரும் இடறலடைந்தாலும் தான் இடறலடைவதில்லை என்று சொன்னவர் அவர் (மத்தேயு 26 : 33). அதே இரவில் கெத்செமனே தோட்டத்தில் விழித்திருக்கச் சொன்னபோது உறங்கினார். விடிய முன் மூன்று முறை மறுதலித்தார்.

இன்னொரு உறக்கம் அப்போஸ்தலர் நடபடிகள் 12 ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஏரோது அகிரிப்பா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாற் கொன்றபின் பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைத்தான். மறுநாள் மக்கள் முன்னிலையில் கொண்டுவரப்பட இருந்த இரவில், இரண்டு சங்கிலிகளாற் கட்டப்பட்டு, இரண்டு போர்ச்சேவகர் நடுவே பேதுரு நித்திரையாயிருந்தார் (12 : 6). எதனால் அவரால் உறங்க முடிந்தது என்று லூக்கா விளக்கவில்லை. ஆயினும் தோட்டத்து உறக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தன்னம்பிக்கை மிகுந்தவர் விழிப்பின்றி உறங்கினார். இங்கே செய்வதற்கு எதுவும் மிஞ்சாத நிலையில் ஒருவர் உறங்குகிறார். வெளியே மாற்குவின் தாயாகிய மரியாளின் வீட்டிற் பலர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தனர் (12 : 12).

இந்நிகழ்ச்சியை எழுதும்போது யாக்கோபை மறந்துவிட வேண்டாம். பேதுரு விடுவிக்கப்பட்டார், யாக்கோபு கொல்லப்பட்டார். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே கவலையைத் தேவனிடம் ஒப்படைத்தால் நாம் விரும்பிய முடிவு கிடைக்கும் என்று எழுதுவது பிழையான விளக்கமாகும். ஏற்ற காலத்தில் உயர்த்துவார் என்ற வாக்குறுதியை இந்நிருபம் கடைசிக் காலத்தில் வெளிப்படப்போகும் இரட்சிப்போடும் (1 : 5), பிரதான மேய்ப்பர் வெளிப்படும் நாளோடும் (5 : 4) சேர்த்தே பேசுகிறது. பேதுருவுக்கும் இறுதியில் வேறொரு முடிவு காத்திருந்ததை யோவான் 21 : 18 – 19 குறிப்பாக உணர்த்துகிறது.

ஒப்படைத்தல் சோம்பலன்று

7 ஆம் வசனத்தை அடுத்து வரும் வசனம் தெளிந்த புத்தியோடு விழித்திருக்கச் சொல்கிறது. பாரத்தை இறக்கியவன் படுத்துவிடுவதில்லை; கைகள் விடுபட்டதால் வேலை செய்ய முடிகிறது.

திருச்சபை வரலாற்றிலிருந்து உதாரணம் தேவைப்படின் ஜோர்ஜ் முல்லரைக் (1805 – 1898) குறிப்பிடலாம். பிரஷ்யாவிற் பிறந்த இவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836 இல் வாடகை வீடொன்றில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1849 இலிருந்து 1870 வரை அஷ்லி டவுண் என்னுமிடத்தில் ஐந்து பெரிய இல்லங்கள் திறக்கப்பட்டன. ஏறக்குறைய 2000 பிள்ளைகளுக்கு அவற்றில் இடமிருந்தது. நிதி கேட்டு மனிதரிடம் போவதில்லை, தேவையைத் தேவனிடமே சொல்வது என்பது அவரது கொள்கை. இதுவரை மாணவர்கள் எழுதுவர். ஆனால் அதே முல்லர் வந்த காணிக்கைகளையெல்லாம் ஒழுங்காகக் கணக்கெழுதி ஆண்டறிக்கைகளாக வெளியிட்டார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜெபமும் கணக்குப் புத்தகமும் அவருக்கு ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

பரீட்சை எழுதும் உங்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு, படியாத பாடங்களைத் தேவனிடம் ஒப்படைப்பது இவ்வசனத்தின் கருத்தன்று. படித்து முடித்தபின், வினாத்தாளில் என்ன வரும், அம்மா அப்பா என்ன சொல்வார்கள், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதுமா என்று பாயிற் புரள்கிறோமே, அங்கேதான் இவ்வசனம் பேசுகிறது. முதலாவது நம் வேலை. இரண்டாவது நம் கையில் இல்லாதது. இரண்டையும் பிரித்தறிவதே தாழ்மையின் நடைமுறை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 5 ஆம் வசனம் ஒருவருக்கொருவர் தாழ்மையாயிருக்கச் சொல்வதால், உதவி கேட்பதும் இப்பாடத்தில் அடங்கும். விளங்காத கணக்கை ஆசிரியரிடம் கேட்பதற்கும், மனப்பாரத்தை ஒரு பெரியவரிடம் சொல்வதற்கும் தாழ்மை வேண்டும். நாட்கணக்கில் நித்திரையில்லாமல், உணவு இறங்காமல், காரணமின்றி நெஞ்சு படபடக்கும் நிலை தொடர்ந்தால் அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோயாக இருக்கலாம். அவ்வாறானவரிடம் விசுவாசம் போதாது என்று சொல்வது இவ்வசனத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். பிள்ளையை இழந்த தாயிடம், காணாமற்போன கணவனைத் தேடும் பெண்ணிடம், கவலைப்படாதே என்று இவ்வசனத்தை நீட்டிவிட்டு நகர்ந்து போவதும் அப்படியே. நிருபம் அக்கறையுள்ளவர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அதை எடுத்துச் சொல்பவரிடம் அந்த அக்கறை இல்லாவிட்டால் கேட்பவர் எதை நம்புவார்?

பயிற்சி வினாக்கள்

1. (அ) 1 பேதுரு நிருபம் எழுதப்பட்ட பகுதிகளுள் மூன்றினைத் தருக. (3 புள்ளிகள்)
(ஆ) அந்நிருபத்தின் வாசகர் எதிர்நோக்கிய இன்னல்கள் இரண்டினை வேத ஆதாரத்துடன் குறிப்பிடுக. (4 புள்ளிகள்)

(ஆ) பகுதிக்கு அதிகாரத்தையும் வசன எண்ணையும் எழுதாமல் விட்டால் விடை முழுமை பெறாது. 4 : 4, 4 : 14 ஆகிய இரண்டும் போதும்.

2. "தாழ்மை என்பது கோழைத்தனம்." இக்கூற்றை 1 பேதுரு 5 : 5 – 6 ஐ ஆதாரமாகக் கொண்டு ஆராய்க. (8 புள்ளிகள்)

மாணவர் ஒருவர் இவ்வாறு விடை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: "தாழ்மை கோழைத்தனம் அல்ல. இயேசு தாழ்மையுள்ளவர். நாமும் தாழ்மையாயிருக்க வேண்டும்." இதிற் பிழை எதுவும் இல்லை, ஆனால் ஆராய்வும் இல்லை. கூற்றை ஏன் ஒருவர் சொல்லக்கூடும் என்பதை முதலிற் காட்டுங்கள்: அக்காலத்தில் இச்சொல்லுக்கு இருந்த இழிவான பொருள், அடங்கிப் போகும்படி மக்களை வற்புறுத்த இது பயன்பட்ட விதம். அதன் பின்னர் எல்லாரும் ஒருவருக்கொருவர் என்பது, பலத்த கை என்பதன் யாத்திராகமப் பொருள் ஆகிய இரண்டையும் கொண்டு மறுத்துரையுங்கள்.

3. தாழ்மைக்கும் கவலையைத் தேவனிடம் ஒப்படைப்பதற்கும் உள்ள தொடர்பை விளக்கி, பேதுருவின் வாழ்விலிருந்து உதாரணம் தருக. (10 புள்ளிகள்)

வினைமுற்று – வினையெச்ச விளக்கம் இங்கே பயன்படும். உதாரணத்துக்கு அப்போஸ்தலர் 12 ஐ எடுத்தால் யாக்கோபின் மரணத்தையும் குறிப்பிடுக. புயல் நிகழ்ச்சியை எடுத்தால் மாற்கு 4 : 38 இல் வரும் கேள்விக்கும் 5 : 7 க்கும் உள்ள சொல் தொடர்பை எழுதுக.

4. உங்கள் வகுப்பு நண்பர் ஒருவரின் தந்தை தொழிலை இழந்துவிட்டார். நண்பர் பாடசாலையை விட்டு விலக எண்ணுகிறார். 1 பேதுரு 5 : 5 – 7 ஐ மனதிற் கொண்டு நீங்கள் செய்யக்கூடிய மூன்று காரியங்களைக் குறிப்பிட்டு விளக்குக. (6 புள்ளிகள்)

"அவருக்காக ஜெபிப்பேன்" என்பது ஒரு காரியமாகவே கணக்கிடப்படும். மற்ற இரண்டும் கைகளாற் செய்யக்கூடியவையாக இருக்கட்டும்: வகுப்பாசிரியரிடம் அவரோடு கூடப் போவது, உங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வது, சபையிற் பொறுப்பானவர்களுக்கு அவருடைய சம்மதத்துடன் தெரிவிப்பது போன்றவை. அவருடைய சம்மதத்துடன் என்பதை விடையில் எழுத மறவாதீர்கள்.